காலேஜுக்கு லீவு இல்லாத வெள்ளிக்கிழமை

நடராஜன் சார் போய்விட்டார். இன்று காலை, வேலூரில். அவர் தம்பிதான் போன் பண்ணினார்.

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எழுதிப் பார்க்கிறேன்... வராவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் அவர் ஒரு காலேஜ் ஆபீஸில் கிளார்க். சட்டையில் மடிப்புக் கலையாத மனுஷன். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு, பி.யூ.சி.க்கு அப்ளிகேஷன் கொடுக்கப் போன ஆம்பூர்ப் பையன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை.

கடைசி தேதி ஒரு வெள்ளிக்கிழமை.

அப்போது ஆம்பூரில் தோல் ஷாப் எல்லாம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். முதலாளிமார் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள், தோல் பதனிடும் எங்கள் ஆட்களுக்கு அதுதான் வார லீவு. நான் படித்த ஸ்கூலுக்கும் வெள்ளிதான் லீவு, ஞாயிற்றுக்கிழமை பாடம் நடக்கும். போஸ்ட் ஆபீஸ் வேறு மாதிரி என்று தெரியும். ஆனால் படிக்கிற இடம் என்றால் வெள்ளி லீவு... இதுதான் எங்கள் கணக்கு.

"லீவு நாள்ல தேதி வந்தா மறுநாள் வாங்கிப்பாங்கடா" என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து பஸ் பிடித்து வேலூர் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடராஜன் சார். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அப்பா மேல் தோல் வாடை.

"நேத்தோட முடிஞ்சிபோச்சு. நேத்து ஏன் வரல?"

"நேத்து வெள்ளிக்கிழமைங்களே சார்" என்றார் அப்பா.

அவர் உள்ளே திரும்பி, "தோல் ஷாப் லீவுன்னா காலேஜும் லீவாம்யா" என்றார். ஆபீஸே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்தால் வாங்கிக்கொள்வார் என்று நினைத்தார் போலிருக்கிறது.

வாங்கவில்லை.

மனசு மாறும் என்று மரத்தடியில் காத்திருந்தோம். மதியம் ஒரு கார் வந்தது. அதிலிருந்து இறங்கிய பெரிய மனிதர் தன் மகனின் அப்ளிகேஷனை நீட்டினார், நடராஜன் சார் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அந்தப் பையனுக்கும் அதே சனிக்கிழமைதான்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அடுத்த வருஷம் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பில் அவர் கை வெந்துபோய், அவர் இடத்தில் நான் குழியில் இறங்கினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

கொஞ்ச வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஷாப் பூட்டியிருந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலுக்கு லீவு கிடையாது என்பதால் காவலுக்கு நான் மட்டும். கேட்டுக்கு வெளியே அதே மடிப்புக் கலையாத சட்டை.

"இன்னாப்பா, யாரையும் காணோம்?"

"வெள்ளிக்கிழமை சார்" என்றேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தம்பிக்கு எங்கள் ஷாப்பில் கணக்கு எழுதும் வேலை கேட்டு வந்திருந்தார். முதலாளி வைத்த கெடு அன்றோடு முடிகிறதாம். "நாளைக்குன்னா வேற ஆளப் போட்டுடுவாங்களேப்பா" என்று கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிரிக்கலாம் என்று பார்த்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

தொழுகை முடிந்து முதலாளி மசூதித் தெரு வழியாகத்தான் வருவார், அங்கே போய் நில்லுங்கள் என்றேன். ஏன் சொன்னேனோ... இன்றைக்கும் தெரியவில்லை.

தம்பிக்கு வேலை கிடைத்தது. எத்தனையோ வருஷம் அவர் மேஜை முன்னால் நின்று கூலி வாங்கியிருக்கிறேன். நல்ல மனுஷன், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அண்ணன் மேல் உண்டு. அப்பா சிரித்த அந்தச் சிரிப்புக்காக. அது போகவே இல்லை.

"நாளைக்குக் காலையில எடுக்கறோம், லேட் பண்ணாம வந்துடுங்க" என்றார் தம்பி போனில். நாளை வெள்ளிக்கிழமை.

போய் வாருங்கள், நடராஜன் சார். நான் சனிக்கிழமை வருகிறேன்.