காருக்கு நெய்த கூரை

இதை எழுத உட்கார்ந்திருக்கும் மேசைக்குக் கீழே என் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. அன்று காரில் மகனுக்குப் பக்கத்தில் இருந்தபோதும் என் காலடியில் ஒன்றும் இருக்கவில்லை. பிரேக் அவனுடைய காலடியில் இருந்தது.

மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, காலுக்குள் கம்பி வைத்துப் படுத்திருந்த நாட்களில் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தான். இனி எந்த வாகனத்தையும் உம்மா ஓம் என்று சொல்லாமல் ரோட்டில் இறக்குவதில்லை என்றான். வலியில் சொல்வது, கால் ஆறினால் மறந்துவிடும் என்று நினைத்தேன். அவன் மறக்கவில்லை. நடக்கத் தொடங்கிய கையோடு ஒரு காரைக் கொண்டுவந்து வீட்டு வளவில் இறக்கினான்.

அது சொந்தக் காலில் வரவில்லை. சம்மாந்துறையில் ஒரு நெல் களஞ்சியத்துக்குள் கிடந்ததை உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி வந்தார்கள். இங்கிலாந்தில் செய்த, என்னைவிட வயது கூடிய கார். உருண்டையான முகமும் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்குகளும் இருந்தன. பின் ஆசனத்தில் கோழி அடைகிடந்த வைக்கோல் அப்படியே இருந்தது. கூரை முழுவதும் துருப்பிடித்து, விரலால் தொட்டால் உள்ளே போனது.

"பயப்பிடாதீங்க உம்மா, இது ஓடாது," என்றான்.

"ஓட வைக்கத்தானே கொண்டு வந்திரிக்காய்?"

"ஓம்."

கூரையை வெட்டி எடுத்துவிட்டுத் திறந்த காராக்குவது அவனுடைய திட்டம். விபத்தில் நொறுங்கிய ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரின் இயந்திரத்தையும் கியரையும் பிரேக்கையும் கொழும்பில் வாங்கி இதற்குள் வைப்பான். பருவத்தில், கடலலையில் பலகை வைத்துச் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப் பொத்துவில் பக்கம் ஓடுவான். மற்ற மாதங்களில் ஊர்வலத்துக்கு மாப்பிள்ளைகளை ஏற்றுவான். கலியாணம் முடித்தால் ஆம்பிளை பெண் வீட்டில் குடியேறுகிற ஊர் எங்களுடையது. "வீட்ட உட்டுப் போறவன் போற போக்கையாவது ஊர் பார்க்கட்டுமே," என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல் நெஞ்சுக்குள் கல்லாய்க் கிடந்தது.

தடுக்கத்தான் முதல் நாள், அவன் காரை வைத்து வேலை செய்த கொட்டிலுக்குப் போனேன். பிறகு பாடசாலை விட்டு வந்ததும் தேநீரோடு அங்கே போய் இருப்பது வழக்கமாகிவிட்டது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். எனக்குத் தெரிந்தவை எல்லாம் அங்கே இரும்பாகவும் எண்ணெயாகவும் கிடந்தன.

கூரையை வெட்டப்போகிற அன்று, அதற்கு முன்னரே கதவுகளுக்குக் கீழே தடித்த இரும்புச் சட்டங்களை ஒட்டிக்கொண்டிருந்தான். இது எதற்கு என்று கேட்டேன். தொதல் இனிப்பு வந்த அட்டைப் பெட்டியை எடுத்து என் கையில் தந்தான்.

"மூடியோட முறுக்கிப் பாருங்க."

முறுக்கினேன். அசையவில்லை.

"இப்ப மூடியக் கழட்டிப்போட்டு முறுக்குங்க."

பெட்டி நாக்கு மாதிரி வளைந்தது. கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது காரின் முதுகெலும்பில் பாதி. அந்தப் பெட்டியை மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

"இது எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான் எப்போதும் என் கேள்வி. அவன் அதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டான். இயந்திரம் சாக்குக்குள் கிடக்க, நாலு சில்லுக்கும் புதுப் பிரேக்கைத்தான் முதலில் பூட்டினான். பளபளக்கும் இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டை. காரை முட்டுக்கொடுத்து உயர்த்தி, இயந்திரம் வைத்த பிறகு சில்லுகளைச் சுழலவிட்டு நிறுத்திக் காட்டினான். திரும்பத் திரும்ப நிறுத்திவிட்டு, தட்டில் தண்ணீர் தெளித்தான். சீறிக்கொண்டு ஆவியானது.

"ஓட்டமெல்லாம் எங்க போகுதெண்டு பார்த்தீங்களா டீச்சர்?"

"சூடாப் போகுது."

"பாஸ்," என்றான்.

சக்தி அழிவதில்லை என்று எத்தனை வருடங்கள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது சீறும் என்று எனக்குத் தெரியாது.

மிச்சமிருந்தது மழைக்கு மடக்கி விரிக்கும் துணிக்கூரை. லொறிப் படங்கு வாங்கித் தைக்கச் சொன்னேன். அவன் மாட்டேன் என்றான். எங்கள் மருதமுனை நெசவு ஊர்; மருதமுனைக் கார் மருதமுனைத் துணிதான் போடவேண்டுமாம். பக்கத்து வளவில் தறி வைத்திருக்கும் ராத்தாவிடம் போனோம். இரட்டை நூலில் தடிப்பாக, கருநீலத்தில், ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு நெய்து தந்தா.

"ஊரெல்லாம் மனிசனுக்கு இடுப்பில உடுக்கச் சாரம் நெய்யிறாங்க. நான் காருக்குச் சாரம் நெய்ஞ்சிரிக்கன்," என்று சிரித்தா. "பாருகா, கஞ்சி மொடமொடப்பு! ஒரு சொட்டுத் தண்ணி படல்ல."

அது எங்கள் ஊர் மரியாதை. புதுத் துணியை நனைக்காமல்தான் கொடுப்போம். நனைந்தால் அது உடுத்த துணி. ராத்தாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சுருக்கமே விழாதபடி இழுத்துச் சட்டத்தில் பூட்டினார்கள். முன் விளிம்பு கண்ணாடிச் சட்டத்தில் கொக்கியோடு மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஊறாதபடி மேலே மெழுகு பூசுவது மாரிக்கு முன் செய்கிற வேலை என்று விட்டுவிட்டார்கள். மாரி அப்போதுதான் முடிந்திருந்தது.

பதிவு, அனுமதி அலைச்சல்கள் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கதவைத் திறந்து பிடித்தான்.

"ஒருக்கா ஏறுங்க உம்மா. பொத்துவிலுக்குப் போய் வருவம். வந்து ஓமெண்டாலும் சரி, இல்லெண்டாலும் சரி. இல்லெண்டா வித்துப்போடுவன்."

பர்தாவை ஊசியால் இறுக்கிக் குத்திக்கொண்டு ஏறினேன். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடைத்தெருக்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. திறந்த காரில் போகிறவளுக்கு ஒளிய இடமில்லை. அக்கரைப்பற்றில் ஒருவர், "எங்க போறீங்க ராத்தா, உங்களுக்கா கலியாணம்?" என்று கேட்டார். திருக்கோவிலைத் தாண்டியதும் வயலும் பற்றையும் வெறும் ரோட்டும். கார் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு போனது. வளைவில் என் உடம்பு சாய்ந்ததே தவிர அது சாயவில்லை. பயமும் ஆசையும் ஒரே இடத்தில் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கோமாரிக்குக் கிட்ட, எதிர்பாராமல் கடல் பக்கமிருந்து மழை வந்தது. நிறுத்தி, கூரையை விரித்துக் கொக்கியை மாட்டினோம். கார் மறுபடி புறப்பட்டது. உள்ளே நல்ல இதமாக இருந்தது. துணியில் மழை விழும் சத்தம் முதலில் பொத்துப் பொத்தென்று கேட்டது. போகப் போக அது மாறியது. யாரோ இறுகக் கட்டிய றபான் மேளத்தைத் தட்டுவது போல, கூர்மையான சத்தம். இது ஏன் மாறுகிறது என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது துப்பாக்கி வெடித்ததுபோல ஒன்று. முன் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெள்ளையாகியது. உடைந்து விழவில்லை. சீனியால் செய்ததுபோல அப்படியே நின்றது. ரோடு இல்லை. மழை இல்லை. எதுவும் இல்லை. நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. என் கால் தரையை உதைத்தது.

மகன் ஸ்டியரிங்கை எந்தப் பக்கமும் வெட்டவில்லை. இரண்டு கையாலும் நேராகப் பிடித்தபடி பிரேக்கை அழுத்தினான். கார் கோடு கீறினாற்போல நேரே போய், மூக்கைத் தாழ்த்தி நின்றது.

 பிறகு கதவைத் திறந்து இறங்கினோம். ரோட்டில், எங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தோம். சற்றுத் தள்ளி ஐந்தாறு எருமைகள் மழையில் நனைந்தபடி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. அவை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மகன் கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். "கல்லொண்டும் படல்லயே உம்மா. எப்பிடி ஒடஞ்ச?"

 கூரையில் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது. கூரையை விரலால் சுண்டினேன். றபானேதான். கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தேன். மேல் விளிம்பு பின்னால் வளைந்து இழுபட்டு நின்றது.

"மகன், புதுச் சாரம் முதல் தண்ணியில என்ன செய்யும்?"

அவன் என்னைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே ரோட்டில் குந்திவிட்டான்.

எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். முதல் தோய்ச்சலில் சுருங்கிக் கட்டையாகும் என்று, சாரத்தை ஒரு சாண் கூட்டித்தான் வாங்குவோம். நெய்த ராத்தாவுக்குத் தெரியும், உடுத்துகிற அவனுக்குத் தெரியும், துவைக்கிற எனக்குத் தெரியும். கார் மேல் போட்டதும் மூன்று பேருக்கும் அது துணி என்பதே மறந்துபோய்விட்டது. அழவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது.

கண்ணாடித் துண்டுகளைத் தட்டி எடுத்துவிட்டு, கூரையைக் கழற்றி, மழை விட்ட ரோட்டில் மெதுவாகத் திரும்பினோம். காற்று முகத்தில் அறைந்தது. நிந்தவூர் வந்ததும் அவன் வேகத்தை இன்னும் குறைத்தான். பிறகு, "நான் வித்துப்போடுறன் உம்மா. நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல," என்றான். 

இரவு உறக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த வெள்ளை வந்தது. வெள்ளைக்குப் பிறகு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்த அவனுடைய இரண்டு கைகளும் வந்தன. விழுந்தெழும்பிய பிள்ளையின் கைகள் அவை. அவை எப்போது இப்படி அமைதியாகின என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

ராத்தாவிடம் அதே துணியில் இன்னொன்று நெய்து வாங்கினேன். வாங்கிய கையோடு அவவின் கண் முன்னாலேயே தொட்டித் தண்ணீருக்குள் போட்டு அமுக்கினேன்.

"அல்லாஹ்வே, புதுத் துணியப் போய் நனைக்கிறாயே! ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் ராத்தா."

கஞ்சியெல்லாம் கரைந்து தண்ணீர் பால் மாதிரி ஆனது. பிழிந்து, இரண்டு தென்னைக்கு நடுவே கொடியில் போட்டேன். விற்பதற்காகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்த மகன், துணி சொட்டுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தான்.

"இது என்னத்துக்கு?"

"காஞ்சாப் பொறகு அள. அதுக்குப் பொறகு பூட்டு."

"அப்ப ஓமா உம்மா?"

"ஓம்," என்றேன்.  "முதல்ல அள."

துணி காய்ந்ததும் அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்தான்.

"இறுக்கி இழுக்காதீங்க உம்மா," என்றான். "கொஞ்சம் தொய்வா உடுங்க."