விலகியோர் பட்டியலில் ஒரு பெயர்

ஆறுமுகநேரி உப்பளங்களைப் பேருந்து தாண்டும்போது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ‘நம் ஜெசிந்தா இன்று காலை காலமானார்.’ காய்ச்சல் என்றுதான் விடுப்பு எடுத்திருந்தார். அதற்குக் கீழேயே யாரோ அன்றைய வேலைப் பட்டியலை அனுப்பியிருந்தார்கள். துறைமுகச் சாலை வரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சரக்குக் கப்பல்களுக்கு மென்பொருள் செய்யும் இந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது, வணக்கத்துக்கு மேல் எனக்குப் பேச்சு வராது. பக்கத்து மேசை ஜெசிந்தா அக்கா, பொரித்த சாளை மீனை என் சோற்றில் வைத்துவிட்டுக் கேட்பார்: “ஏளா, வாயத் தொறந்தா முத்து உதிந்துருமோ? உதிந்தா நான் பொறுக்கிக்கிடுதேன், பேசு.”

சென்ற ஆண்டு ஒருவர் முதலீடு செய்ய வந்தார். நிறுவனத்தின் மதிப்பை, வெளியிட்ட பங்குகளால் மட்டும் வகுத்து ஒரு பங்கின் விலையைக் கூட்டத்தில் சொன்னார் நிதி மேலாளர். ஊழியர்களின் ஈசாப், அதாவது சில ஆண்டு வேலை பார்த்தபின் குறைந்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, அதில் சேரவில்லை.

“கல்யாண வீட்ல உக்காந்திருக்கவங்கள மட்டும் எண்ணியா சோறு வடிப்பாங்க அண்ணாச்சி? பின்னால வாரவங்க நாங்க இருக்கோம்லா.”

மேலாளரை அண்ணாச்சி என்று கூப்பிடும் துணிச்சல் அக்காவுக்கு மட்டும்தான். அவர் சிரித்தபடி கணக்கைத் திருத்தினார். அந்தப் பிழையை முந்தின நாளே நான் பார்த்திருந்தேன். வெளியே வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். “உனக்கும் தெரியும்லா? பொறவு ஏன்ளா சும்மா இருந்த?”

அக்கா போன மூன்றாம் வாரம் அதே மதிப்பீட்டைப் புதுப்பித்தோம். வேலையை விட்டுப் போனவர்களின் உரிமைகளைக் கழிக்கும் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. புன்னைக்காயலில் அவருடைய அம்மா இனித் தனியாள். கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன்.

“சார், அக்கா வேலைய விட்டுப் போகல. இறந்துட்டாங்க.”

“கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதானம்மா?”

“இல்ல சார். விட்டுப் போனாத்தான் ரத்தாகும். வேலையில இருக்கும்போது இறந்தா, மொத்த உரிமையும் வாரிசுக்குச் சேரும். சட்டம் சார். அவங்க அம்மா இருக்காங்க.”

மேலாளர் விதியைத் தேடி வாசித்தார். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை நீக்கி, அவர் உரிமையைக் கணக்கில் திரும்பச் சேர்த்தார். ஒரு பங்கின் மதிப்பு சில பைசா குறைந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதைச் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். நாற்காலி மேசைக்குள் தள்ளியே கிடந்தது. அவரை ஊரில் தெரிந்த உங்களிடமாவது சொல்லவே இந்த அஞ்சலியை எழுதுகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது, அந்த அறையில் வெளிவந்த என் குரல். அது வரக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கேட்காமல் போனவரும் அவர்தான்.