மெஷின் அழித்த வயலின்கள்

காது மெஷினோடு மதுரை பைபாஸ் ரோடு கிளினிக்குக்குத் திரும்பி வருகிறவர்கள் ஹம்சவேணியிடம் சொல்கிற குறை பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டில் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. பேரையூரிலிருந்து வந்த ஜெஸி டீச்சர் வேறு மாதிரி சொன்னாள்.

"பேச்சு நல்லா கேக்குது மேடம். வயலின்தான் கேக்க மாட்டேங்குது."

ஹம்சவேணியின் அப்பா துளசிராம் செல்லூரில் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் அவர் காது சீக்கிரமே மந்தமாகிவிட்டது. யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். அவர் ஒன்றுமே கேட்காமல்தான் ஆட்டுகிறார் என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் ஹம்சவேணி. காதைப் பற்றியே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், சொந்தக்காரர்கள் எல்லாம் பி.காம் என்று நிற்க, இவள் அதில்தான் சேருவேன் என்று சாப்பிடாமல் கிடந்து சேர்ந்தாள்.

ஜெஸிக்கும் ஹம்சவேணியின் வயதுதான் இருக்கும். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். போன வருடம் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு காதிலும் கேட்பது குறைந்துவிட்டது. மெஷின் மாட்டிய பிறகு வகுப்பில் தொந்தரவு இல்லை.

"டிசம்பர் பொறந்துட்டா நான் ஒண்ணு கேப்பேன்" என்றாள். "பாட்டு இல்ல, வார்த்தையே கிடையாது. வயலின், கொம்பு, புல்லாங்குழல்னு அம்புட்டு வாத்தியமும் சேர்ந்து வாசிக்கிறது. நூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஜெர்மன்காரர், கிறிஸ்மஸ் ராத்திரியை நெனச்சு எழுதுனாராம். அவரு ஊர்லயே நெறைய பேருக்குத் தெரியாது."

போனிலிருந்து ஸ்பீக்கரில் போட்டாள். போட்ட உடனே அவள் முகம் சுருங்கியது. "தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்கு பாருங்க."

மெஷின் இல்லாத ஹம்சவேணிக்கும் அதில் பிடிபட ஒன்றுமில்லை. பஜனையும் சினிமாப் பாட்டும் கேட்டு வளர்ந்த காது. ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியாத ஒன்றை எப்படிச் சரிசெய்வது? இசையைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

வீட்டில் சமைக்கும்போது ஓடவிட்டாள். கணவர் விஜய்ஆனந்த் கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்து, படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வருகிற மியூசிக் மாதிரி இருக்கிறது, படம் எப்போது வரும் என்று அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் கேட்டார். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஒரு மெட்டு வரும், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள், வரவில்லை.

ஒரு நாள் காலை வேலைக்குப் போகும்போது, காளவாசல் சிக்னலில் டிரைவர் பஸ் இஞ்சினை அணைத்தார். இயர்போனில், கீழ்க்குரலில் வாசிக்கும் அடிவயலின்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. அதற்கும் அடியில், வயக்காட்டின் அந்தக் கோடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல, ஒரு கொம்பு ஊதியது. இத்தனை நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது. சமையலறையிலும் பஸ் இரைச்சலிலும் தொலைந்துபோயிருக்கிறது. அவளுக்குக் கை சிலிர்த்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

அப்போதுதான் ஜெஸியின் மெஷின் செய்யும் வேலை புரிந்தது. பேச்சு விட்டுவிட்டு வரும். ஃபேன் சத்தம் விடாமல் வரும். விடாமல் வருவதையெல்லாம் இரைச்சல் என்று அழுத்திவிடும்படிதான் மெஷினைப் பழக்கியிருக்கிறார்கள். நீண்டு நிற்கும் வயலினை அது ஃபேன் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது.

இசைக்கென்று தனியாக ஒரு செட்டிங் போடத் தொடங்கினாள். கிளினிக் முதலாளி வெங்கடேஷ்பாபு பார்த்துவிட்டு, "பேச்சு புரியுதுல்லம்மா, அது போதும். கம்பெனி செட்டிங்கை எதுக்கு நோண்டுறீங்க?" என்றார்.

"அவங்களுக்கு அது போதல சார்."

அவர் வெளியே காத்திருக்கிறவர்களை எட்டிப் பார்த்தார். "சரி, மத்த பேஷன்ட் இருக்குற நேரத்துல வேணாம்."

சனிக்கிழமை மதியங்களில் ஜெஸி கல்லுப்பட்டி மார்க்கமாக பஸ் ஏறி வந்தாள். முதல் வாரம் வயலின் வந்தது, கூடவே காதைக் கிழிக்கிற விசிலும் வந்தது. அடுத்த வாரம் விசில் போனது; எல்லாமே மொத்தையாகக் கேட்டது. அன்றைக்கு ஜெஸி மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டாள்.

"விடுங்க மேடம். நெனப்புலயே கேட்டுக்கறேன்."

ஹம்சவேணி அவளுக்கு உதடு தெரியும்படி நேரே உட்கார்ந்து, நிறுத்திச் சொன்னாள். "நான் இப்பதான் கேக்கவே ஆரம்பிச்சிருக்கேன் டீச்சர். நீங்க விடக்கூடாது."

ஜெஸி மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய சனிக்கிழமை ஹம்சவேணி ஏசியை நிறுத்தினாள், ஃபேனை நிறுத்தினாள், கதவைச் சாத்திவிட்டு இசையைப் போட்டாள். அடிவயலின்கள் எழுந்தன. ஜெஸி கண்ணை மூடியிருந்தாள். கொம்பு ஊதியபோது, காது டெஸ்டில் சத்தம் கேட்டதும் தூக்குவார்களே, அதுபோல அவள் கை தானாக மேலே போனது. பிறகு தாலாட்டு போல ஒன்று வந்து, எல்லா வாத்தியமும் சேர்ந்து பெரிதாகி, மணிகள் அடித்தன. ஜெஸி வாய்விட்டுச் சிரித்தாள்.

கடைசியில் எல்லாம் அடங்கி, உச்சத்தில் புல்லாங்குழல் மட்டும் நிற்கும் இடம். ஜெஸியின் கை எழவில்லை.

"இப்ப புல்லாங்குழல் வாசிக்குது டீச்சர்" என்றாள் ஹம்சவேணி, மறைக்காமல்.

"தெரியும். அது இருந்த எடம் காலியா இருக்கு." ஜெஸி கண்ணைத் திறந்தாள். "வரவே வராதா?"

"அம்புட்டு உச்சத்துல கேக்குற சக்தி உங்க காதுல போயிருச்சு. அந்தச் சத்தத்தை மெஷின் வழியா கீழ எறக்கிக் கேக்க வைக்கலாம். ஆனா சுருதி மாறிப்போகும். புல்லாங்குழல் மாதிரியே இருக்காது."

"மாறட்டும். எப்படி இருக்குன்னு கேட்டுட்டுத்தான் வேணாம்னு சொல்லுவேன்." ஜெஸி பையைத் தோளில் மாட்டினாள். "பொங்கல் கழிச்சு வாரேன்."

ஹம்சவேணி கம்ப்யூட்டரில் ஜனவரி மாதத்தைத் திறந்து, பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை மதியம் முழுவதற்கும் ஜெஸியின் பெயரைப் போட்டாள்.