குளத்தில் வலை இழுத்த பெரியப்பா

முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்து ஒட்டுசுட்டானுக்கு வந்த பிறகுதான் பெரியப்பாவின் மறதி முற்றியது. முதலில் பெயர்கள் போயின. பிறகு சாப்பிட்டதை மறந்தார். கடைசியில் பெரியம்மாவையே தெரியவில்லை. சமைத்துப்போட வந்த யாரோ ஓர் அக்கா என்று நினைத்துக்கொண்டார்.

பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் சொந்தக்காரர். பெரியம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"இது பைத்தியம் இல்லை அம்மா, மூளையில வாற வருத்தம்," என்றார் டொக்டர். "இதைச் சுகமாக்கிற மருந்து இல்லை. எதிர்த்துக் கதைக்காதேங்கோ. அவர் சொல்லுறதோட ஒத்துப்போங்கோ."

அண்ணனிடம் பொய் சொல்வதா என்று அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு மத்தியானம் பெரியப்பாவைக் காணவில்லை. யானை வரும் காட்டோரம். பதறிக்கொண்டு தேடினோம். குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, இல்லாத வலையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது குளம். கடல் இல்லை. வெளியில வாங்கோ," என்றார் அப்பா.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா சொல்லச் சொல்ல ஆழத்துக்குத்தான் போனார். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. பெரியம்மா அப்பாவைக் கையமர்த்தினார்.

"இஞ்சேருங்கோ, சோளகக் காத்து எழும்பீட்டுது. இனி மீன் படாது. கரைக்கு வாங்கோ."

ஓர் இலைகூட அசையவில்லை. பெரியப்பா வானத்தைப் பார்த்து, "ஓம் ஓம்" என்றபடி வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். அப்பா அவர் பக்கத்தில் போனார். பிறகு, "தாங்கோ அண்ணை, நான் கொண்டுபோறன்," என்று வெறுங்கையை நீட்டி வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

நான் மற்ற இருவரோடும் பின்னால் வந்தேன்.

"அக்கா, கெதியா நடவுங்கோ," என்றார் பெரியப்பா. "என்ர மனிசி தேடுவா."

"அவா எப்பிடி, நல்லவாவோ?" பெரியம்மா கேட்டார்.

"அவாவைப் போல ஒருத்தரும் இல்லை. நான் கடலுக்குப் போனா, வரும்வரைக்கும் சாப்பிடமாட்டா. நான்தான் அவாக்கு ஒண்டும் செய்யேல்லை."

பேச்சு நீண்டுகொண்டே போனது. வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. பெரியம்மா அதில் திரும்பாமல், வயல் வரம்பால் சுற்றிப்போகும் பாதையில் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். எனக்கோ நல்ல பசி. பெரியம்மாவுக்கும் அந்த வருத்தம் தொடங்கிவிட்டது, வழியை மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.