நான் துடைத்த ரயில் பாதை

துபாயில் வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தூசிதான் முதல் முதலாளி. காலையில் துடைத்த மேசையில் மத்தியானமே வந்து உட்கார்ந்துவிடும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் துணியோடு அலைபவர்கள்தானே.

மேசை மேல் ஓர் ஊர்

எங்கள் மேடம் அமெரிக்காக்காரர். ஒரு அறை முழுக்க மேசை போட்டு, அதன் மேல் விரலளவு ரயில், ஸ்டேஷன், சோளக்காடு எல்லாம் செய்து வைத்திருக்கிறார். அவருடைய அப்பா நடு அமெரிக்காவில், சோளம் ஏற்றிப் போகிற ஒரு சின்ன ரயில் கம்பெனியில் இன்ஜின் டிரைவராம். பெரிய கம்பெனி ஒன்று அதை வாங்கி, லாபம் இல்லாத கிளைப் பாதைகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டதாம். சில இடங்களில் தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்களாம். இப்போது அங்கே ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்களாம்.

ஏழாவதோடு நின்ற எனக்கு இதையெல்லாம் தமிழில் சொன்னவர் வீட்டு டிரைவர் காதர் பாய், கீழக்கரைக்காரர். கை பட்டு ஏதாவது உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தூசி மட்டும் தட்டுங்கக்கா. உடைஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் கலாஸ், வேலை போச்சு!"

பட்ஸும் பல் பிரஷும்

மேடம் லீவில் போயிருந்தபோது மணல் காற்று அடித்தது. அறையைத் திறந்தால் எங்கும் தூசி. அதுவரை மேடமே துடைத்து வந்த ஓரத்தில் ஒரு பாதை மட்டும் படுமோசம். தண்டவாளம் முழுக்கத் துரு, கட்டைகளுக்கு நடுவே காய்ந்த புல், ஸ்டேஷன் சுவரில் கறை. என் விசா அந்த மாதம்தான் முடிகிறது. இதைப் பார்த்தால் புதுப்பித்துத் தருவாரா?

பல் பிரஷ், காது குடையும் பட்ஸ், சோப்புத் தண்ணீரோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். புல்லை எல்லாம் கிள்ளி எடுத்தேன். தண்டவாளம் பளபளத்தது. பெருமையாகக் காதர் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்தார்.

"என்னக்கா பண்ணிட்டீங்க? அது அழுக்கு இல்ல, மூடிப்போன லைன்! அந்தத் துரு வர்றதுக்கு அவங்க ஆறு மாசம் பெயிண்ட் அடிச்சாங்க!"

கடைசி ஸ்டேஷன் வரை

பெட்டியோடு வந்தாலும் வருவேன் என்று வீட்டுக்குப் போன் செய்துகூடச் சொல்லிவிட்டேன். மேடம் வந்ததும் நானே கூட்டிப் போய்க் காட்டி, "ஸாரி மேடம்" என்றேன்.

அவர் குனிந்து பாதையை ஓரம் முதல் ஓரம் வரை பார்த்தார். பிறகு ஒரு இன்ஜினை எடுத்து அந்தப் பாதையில் வைத்து சுவிட்சைப் போட்டார். துருப் பெயிண்ட் அடித்த நாளிலிருந்து அதில் வண்டி ஓடியதே இல்லை. இன்ஜின் ஆடி ஆடிக் கடைசி ஸ்டேஷன் வரை போய் நின்றது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். வாசலில் நின்ற காதர் பாய் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"அவங்க அப்பாவால முடியாததை நீங்க செஞ்சுட்டீங்களாம்க்கா, மூடுன லைனைத் திறந்துட்டீங்களாம். நாளைக்கு பாஸ்போர்ட்டைக் கொண்டாரச் சொல்றாங்க, விசா புதுப்பிக்க."

அன்றிலிருந்து அந்த அறையில் எந்தக் கறையைக் கண்டாலும், தானாக வந்ததா, வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டுவிட்டுத்தான் துணியை நனைக்கிறேன்.