மெடிக்கல் போர்டில் அட்டென்ஷன்

பத்தாம் வகுப்போடு பட்டாளத்துக்குப் போனவன் நான். எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மனு எழுதிப் பழகிய கை. இதுவும் மனு மாதிரி இருக்கலாம்.

கண்ணிவெடியில் இடது பாதம் போய் ஊர் திரும்பியபின், தொண்ணூறுகளில், கோவில்பட்டியில் முன்னாள் ராணுவத்தினருக்கு மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். ஆட்களிடம் பேசக் கூச்சம், தாளிடம் கூச்சமில்லை.

விளாத்திகுளம் பக்கத்து சுப்பையா, பட்டாளத்தில் நாயக் ரேங்கில் இருந்தவர்; அவருக்கு முதுகில் குண்டுச் சிதறல். குனிய முடியாது. காயத்தை மறுபடி பார்க்க மெடிக்கல் போர்டு அழைத்திருந்தது. குணமாகிவிட்டது என்று எழுதினால் ஊனப் பென்ஷன் நின்றுவிடும். மிளகாய்க் காட்டில் அவரால் ஒரு வேலையும் ஆகாது.

அதிகாரி கேட்டால் "டீக் ஹூம் சாப்", நன்றாயிருக்கிறேன் ஐயா, என்று சொல்லியே பழகியவர்கள் நாங்கள். என் போர்டில் நானும் அப்படிச் சொல்லி நஷ்டப்பட்டவன். அதனால் இந்தி பேசத் துணைக்கு நானும் கூடப் போனேன்; ரயிலிலேயே அவரிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, வலிச்சா வலிக்குன்னு சொல்லணும். விறைப்பா நிக்கக் கூடாது."

"ஏலே, நான் என்ன பச்சப்புள்ளையா?"

"நானும் உள்ள வாரேன்" என்றார் அவர் மனைவி பேச்சியம்மாள்.

"பொம்பளையாள உள்ள விடமாட்டாவ தாயி" என்றேன். யாரிடமும் கேட்காமலே சொன்னேன்.

ராணுவ ஆஸ்பத்திரியில் மேஜர் டாக்டர் இந்தியில், "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். சுப்பையா குதிகால் சேர்த்து நிமிர்ந்தார். "டீக் ஹூம் சாப்!"

டாக்டர் பேனாவை எடுத்தார். கதவோரம் நானும் விறைப்பாகவே நின்றேன். வெளியே இருந்த பேச்சியம்மாள் என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"ஐயா, இவிய பொய் சொல்லுதாவ. இங்கன கம்பு கணக்கா நிக்காவ. காலையில ஷூ கயிறு கட்டிவிட்டது நாந்தான். அவியளையே அத அவுக்கச் சொல்லுங்க, பாப்போம்!" என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, என்ன முழிக்கிய? இந்தியில சொல்லுங்க!"

சொன்னேன். அதிகாரி ஒருவர் கேட்காமலே அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஷூவைக் கழற்றச் சொன்னார். சுப்பையா பாதி குனிந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. பேச்சியம்மாள் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். காயம் முன்போலவே இருக்கிறது, பென்ஷன் தொடரலாம் என்று டாக்டர் எழுதினார்.

அதன்பின் போர்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும், வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போங்கள், உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்லி வருகிறேன். பட்டாளத்தான் தன் வலியைத் தானே சொல்லமாட்டான்.

போர்டு முடிந்த மறுநாள் காலை கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கினோம். சுப்பையா எனக்கும் பேச்சியம்மாளுக்கும் முகம் கொடுக்காமல் விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.