சாவிக்காரரின் கொலைக் கதைகள்

"சுத்தப் பேத்தல்! கொண்டையூசியை விட்டு இந்தப் பூட்டைத் திறந்தானாம். எங்க, என் முன்னாடி திறக்கச் சொல்லு பார்ப்போம்!"

சாவிக்காரர் கைப்பேசியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். இயந்திரத்தில் பாதி வெட்டிய சாவி. இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் ஒரு துப்பறியும் கதை. எழுத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கியிருப்பதால் பக்கத்துக்கு எட்டு வரிதான். எட்டு வரிக்கு ஒருமுறை விரலில் ஒட்டிய பித்தளைத் தூளைச் சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தள்ளுவார். சட்டையின் வலப்பக்கம் மட்டும் எந்நேரமும் மினுமினுக்கும்.

அடுத்த கடையில் நகல் எடுத்துக் கொடுக்கிறவள் நான். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் எந்தக் கொலையில் இருக்கிறார் என்பது நான் கேட்காமலே தெரிந்துவிடும். "ஏம்மா, விஷம் வச்சது டாக்டர்தான். எழுதி வச்சுக்கோ" என்பார். மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். டாக்டராக இருந்திருக்காது.

மகள் வேண்டாமென்று விட்டுப்போன பழைய கைப்பேசி அது. ஒரு மழை நாளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது எதையோ அழுத்தியிருக்கிறார். வரிசையாகக் கதைப் புத்தகங்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் 'இலவசம்'. "சும்மா எவன் குடுப்பான்? எங்கயோ கொக்கி இருக்கும்" என்று ஒரு வாரம் தொடவில்லை. எட்டாம் நாள் ஒன்றைத் திறந்தார். அன்று மூன்று பேர் சாவிக்காகக் காத்து நின்றார்கள், மனிதர் நிமிரவே இல்லை. "ஐம்பத்தெட்டு வயசுல இப்படி ஒரு கெட்ட பழக்கம் வந்துடுச்சும்மா" என்று அவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு பெருமை.

மகளைப் பற்றி மட்டும் பேச மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் தன் விருப்பப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கோபத்தில் இவர் மறுநாளே வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார். துணிமணி எடுக்க வந்தவள் தன்னிடமிருந்த சாவியைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். இவரோ உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், பாவி மனுஷன். "சேராத சாவி போடற சத்தம் எனக்குத் தெரியாதாம்மா? என் தொழிலே அதுதானே" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். பூட்டை மாற்றிய அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது.

சென்ற மாதம் ஒரு காலை, கைப்பேசியை என் மேஜையில் வைத்து, "இதுல ஏதோ திருட்டு நடக்குது" என்றார். முந்தின நாள் நாற்பதாம் பக்கத்தில் நிறுத்தியிருந்தாராம். இப்போது திரை கேட்கிறது: 'வேறொரு சாதனத்தில் 112ஆம் பக்கம் வரை படித்துள்ளீர்கள். அங்கே செல்லவா?'

"நான் படிக்கவே இல்லியே! நீ எடுத்தியா?" என்று என்னையே விசாரித்தார் துப்பறிவாளர்.

வாங்கிப் பார்த்தேன். புத்தகக் கணக்கு இன்னும் மகள் பெயரில்தான் இருந்தது. இவர் எடுக்கும் புத்தகமெல்லாம் அவள் கைப்பேசியிலும் போய் நிற்கும்.

"திருட்டு இல்லண்ணா. உங்க பொண்ணும் இதே புத்தகத்தைப் படிக்கிறா."

போய் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். அன்று அவர் வெட்டிய முதல் சாவி வீணாய்ப் போயிற்று.

அதன்பின் புத்தகம் தேர்ந்தெடுப்பதே பெரிய வேலையாகிவிட்டது. ரத்தம் அதிகமாக இருந்தால் வேண்டாம், குழந்தைக்கு ஆபத்து வந்தால் வேண்டவே வேண்டாம். "அவ சின்னதுல இருந்தே பயந்தாங்கொள்ளிம்மா." கொஞ்சம் சிரிக்க வைக்கிற கொலையாகப் பார்த்து எடுப்பார். காலையில் கைப்பேசி அந்தக் கேள்வியைக் கேட்டால், மகள் தன்னை முந்திவிட்டாள் என்று நாள் முழுக்கக் குஷி. கேட்காத அன்று வருகிறவர்கள் மேலெல்லாம் சுள்ளென்று விழுவார்.

"ஒரு போன் போட்டுப் பேசிடுங்களேன்" என்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

போன வாரம் தொடர்ந்து ஆறு நாள் கேள்வி வரவில்லை. "நான்தான்னு கண்டுபிடிச்சுட்டாளோ? பிடிக்காம விட்டுட்டாளோ?" என்று புலம்பித் தீர்த்தார். ஏழாம் நாள், புத்தகத்தில் குறிப்பு எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டினார். 'இந்தக் கதையில் பூட்டு பற்றிச் சொன்னதெல்லாம் தப்பு. நம் வீட்டுப் பூட்டை நான் மாற்றியதும் தப்பு. அப்பா.'

மூன்று நாள் பதிலே இல்லை. கதையை மட்டும் படித்துத் தள்ளினார். நேற்றுக் காலை கடைசி அத்தியாயம். கொலைகாரன் பெயர் வரப்போகிற நேரம், திரையில் ஏதோ அறிவிப்பு வந்தது. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "நீ படிம்மா. எனக்குக் கண்ணு தெரியல" என்றார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

அவர் எழுதியதற்குக் கீழே இருந்ததை வாசித்தேன்: 'அப்பா, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. நான் இன்னும் ஏழாவது அத்தியாயத்துலதான் இருக்கேன். யாருன்னு சொல்லிடாதீங்க. சேர்ந்து முடிக்கலாம்.'

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"சார், என் சாவி?" என்று வாசலில் ஒருவர் குரல் கொடுத்தார்.

"இருங்க, ஒரு நிமிஷம்" என்றார் சாவிக்காரர். கொலைகாரன் பெயருக்கு இன்னும் இரண்டே பக்கம்தான் இருந்தது. அவர் என் கடை முக்காலியில் உட்கார்ந்து, எட்டெட்டு வரியாக, ஏழாவது அத்தியாயத்தை நோக்கிப் பக்கங்களைப் பின்னால் தள்ளத் தொடங்கினார்.